சர்க்கரைக்கு மசியாத புற்று

பெட் ஸ்கேனுக்கு முன் நரம்பில் ஏற்றும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது கதிரியக்க ஃபுளூரின் ஒட்டிய ஒரு வகைச் சர்க்கரை. புற்றுச் செல்கள் அதை அள்ளி விழுங்கும். விழுங்கிய இடம் படத்தில் ஒளிரும். நுரையீரல் புற்றிலும் நிணநீர்ப் புற்றிலும் இந்த உத்தி நன்றாகவே பலிக்கிறது. புராஸ்டேட் புற்றோ பெரும்பாலும் மெதுவாக வளர்வது, சர்க்கரையை அதிகம் சீண்டாதது. அதற்கு வேறு தூண்டில் வேண்டியிருந்தது.

தூண்டில் ஒரு புரதத்தில் கிடைத்தது. பெயர் பிஎஸ்எம்ஏ, அதாவது ‘புராஸ்டேட்டுக்கே உரிய சவ்வு ஆன்டிஜென்’. புராஸ்டேட் செல்லின் சவ்வைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும். செல் புற்றாக மாறினால் இந்தப் புரதம் பல மடங்கு பெருகும். 1987-லேயே இதை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள் கையில் இருந்தது. ஆனால் அதைக் கவ்விப் பிடிக்கும் சிறிய மூலக்கூறும், அதில் ஏற்றக் கேலியம்-68 என்ற கதிரியக்கத் தனிமமும் ஒன்று சேரக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

கேலியம்-68 அவசரக்காரத் தனிமம். 68 நிமிடங்களில் பாதி காணாமல் போய்விடும். சேமித்து வைக்க முடியாது. ஜெர்மேனியம் அடைத்த சிறு கருவியிலிருந்து தேவைப்படும்போதெல்லாம் வடித்துக்கொள்கிறார்கள். அணு மருத்துவத் துறையில் இதைப் ‘பால் கறப்பது’ என்றே சொல்வார்கள்.

பலன் என்ன? ஆஸ்திரேலியாவில், பரவும் அபாயம் அதிகமுள்ள 302 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் லான்செட் இதழில் வந்தது. வழக்கமான சிடி, எலும்பு ஸ்கேன் இரண்டும் சேர்ந்து நோய் பரவியதா என்பதை 65 சதவீதம் சரியாகச் சொல்ல, பிஎஸ்எம்ஏ பெட் 92 சதவீதம் சரியாகச் சொன்னது. அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நேரத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

கேலியத்தைக் கழற்றிவிட்டு லுட்டீசியம்-177-ஐ மாட்டினால், படம் எடுத்தது போன்ற ஊசியே மருந்தாகிவிடும். படத்தில் ஒளிர்ந்த இடத்தில் போய் உட்கார்ந்து அங்கேயே கதிர்வீசும். 2022 மார்ச்சில் இந்தச் சிகிச்சையை அமெரிக்கா அனுமதித்தது. நோய் முற்றிய 831 பேரிடம் நடந்த ஆய்வில், சராசரியாகச் சுமார் 4 மாத ஆயுள் கூடியது. பூரண குணம் என்று யாரும் இதைக் கொண்டாட வேண்டியதில்லை. எல்லா வழியும் அடைபட்டவருக்கு 4 மாதம் என்பதை அற்பமென்று தள்ளவும் முடியாது.

புரதம் இருக்கும் இடமெல்லாம் மருந்தும் போகும் என்பதால், எந்தப் புரதம் உடலில் எங்கெங்கே குடியிருக்கிறது என்ற கணக்கு இங்கேதான் தேவைப்படுகிறது. ஸ்வீடனில் மதியாஸ் உலேன் தலைமையில் 2003-ல் தொடங்கிய மனிதப் புரத வரைபடத் திட்டம் அந்தக் கணக்கை எடுக்கிறது: திசுவை மெல்லிசாகச் சீவி, எதிர்ப்பொருள் ஊற்றிச் சாயமேற்றினால், புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். அப்படிச் சாயமேற்றிப் பார்த்தால், பிஎஸ்எம்ஏ சிறுநீரகத்திலும் சிறுகுடலிலும்கூட இருக்கிறது. ‘புராஸ்டேட்டுக்கே உரிய’ என்ற பெயர் அவசரப்பட்டு வைத்தது.

உமிழ்நீர்ச் சுரப்பிதான் புதிர். அங்கே புரதம் கொஞ்சம்; மருந்தோ ஏராளமாகப் போய்ச் சேர்கிறது. புரதம் அல்லாத வேறேதோ அதை இழுக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சிகிச்சை பெறுபவர்கள் பலருக்கு வாய் உலர்ந்துபோவதும், சோற்றின் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிக்க நேர்வதும் இதனால்தான்.