உஷார்! பிள்ளை பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கும் ஆபீசர் வருவார்

பழனி பக்கம் பாலசமுத்திரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அக்காமார்களே, முதலில் உங்கள் வாசலைப் பாருங்கள். ‘ப்ளே ஸ்கூல்’ என்று பிளெக்ஸ் போர்டு தொங்குகிறதா? உஷார்! வேலைக்குப் போகும் இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது வேறு, ஸ்கூல் என்று பெயர் வைப்பது வேறு. தமிழ்நாட்டில் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கு 2015-லேயே தனி விதிமுறை வந்துவிட்டது. கல்வித் துறை அங்கீகாரம் வாங்காமல் அந்தப் பெயரில் நடத்த முடியாது. நாலு ரைம்ஸ் சொல்லிக்கொடுத்தால் பீஸைக் கொஞ்சம் ஏற்றலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தக் கொஞ்சத்துக்காக நீங்களே போய் ஆய்வு வளையத்துக்குள் நிற்கிறீர்கள்.

போர்டைவிடப் பெரிய வம்பு ராத்திரியில் இருக்கிறது. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வந்தால் பழனி அடிவாரத்தில் பூக்கடை, பஞ்சாமிர்தக் கடை, ஓட்டல், லாட்ஜ் எதற்கும் நேரம் காலம் கிடையாது. அங்கே வேலை பார்க்கும் தாய் வந்து, “இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் உங்ககிட்டயே தூங்கட்டும்க்கா” என்பாள். பாவமாகத்தான் இருக்கும். திருவிழாவோ பத்து நாள். ஒரு பிள்ளை நாலாகி, நாலும் பாய் விரித்துப் படுத்துவிட்டால் பகல்நேரக் காப்பகம் என்று நீங்கள் சொல்வதை யார் ஒப்புக்கொள்வார்கள்? பெண்களையும் குழந்தைகளையும் தங்கவைக்கும் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் பதிவும் உரிமமும் வாங்கச் சொல்கிறது அது. ஆதரவற்ற பிள்ளைகளைச் சேர்த்து வைத்தால் இன்னும் கடுமை. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 42-ஆம் பிரிவுப்படி, பதிவில்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே.

விட்டுப்போன தாய் திரும்பி வரவே இல்லை என்றால்? பூசக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை ஒன்று உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால்? “ரெண்டு நாள் பார்ப்போம்” என்று வைத்துக்கொள்ளாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வைத்திருப்பதே குற்றம், அன்போடு வைத்திருந்தாலும்.

சரி, ஆபீசர் வந்தால் என்ன பார்ப்பார்? சுவரில் ஒட்டிய மிக்கி மவுஸை அல்ல. எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள் என்று எண்ணுவார். அலுவலகக் காப்பகங்களுக்கு மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று வயதுக்குட்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், ஒரு பிள்ளைக்கு 10 முதல் 12 சதுர அடி இடம் என்கிறது. வீட்டில் பார்ப்பவர்களுக்காக எழுதியதல்ல என்றாலும் அளந்து பார்க்க அதைவிட நல்ல கோல் இல்லை. என்னைக் கேட்டால், கைப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருத்தியால் பத்துப் பேரைச் சமாளிக்கவே முடியாது. நாலே அதிகம்.

அடுத்து கூரை. நம் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை, வெயிலுக்கு இதமாக முற்றத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுவிடுகிறோம். பக்கத்திலேயே விறகடுப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது இந்தச் சேர்க்கைதான்: சமையல் தீயும் கீற்றுக் கூரையும். இரண்டையும் பிரிக்க ஆபீசர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தண்ணீர்! பாலாறு பொருந்தலாறு அணைக்கும் வாய்க்காலுக்கும் பிள்ளையைப் போகவிட மாட்டீர்கள், தெரியும். குளியலறையில் பாதி நிறைந்த பக்கெட்? மூடியில்லாத தரைத்தொட்டி? தவழும் பிள்ளை மூழ்க அரை அடி ஆழம்கூட வேண்டாம். உலகெங்கும் நீரில் மூழ்கிச் சாவது ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள்தான் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆய்வுக்கு என்று வீட்டைக் கழுவித் துடைத்து, தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து வைக்கிறோமே, அன்றைக்குத்தான் ஆபத்து அதிகம்.

வீட்டு ஆண்களைப் பற்றிப் பேசினால் கோபம் வரும். வரட்டும். லண்டனில் இதே வேலை செய்யும் நம் பெண்கள் ஆஃப்ஸ்டெட் என்ற அமைப்பிலோ அதில் பதிந்த ஏஜென்சியிலோ பதிய வேண்டும். அங்கே அந்த வீட்டில் குடியிருக்கும் 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. கணவர், கொழுந்தன், மாமனார் யாருக்கும் விலக்கில்லை. இங்கே அப்படிக் கேட்பாரில்லை. ஆனால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் இருக்கிறது. தவறு நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் குடும்ப மானம் என்று மூடி மறைத்தால், மறைத்தவருக்கும் தண்டனை. உதவிக்கு ஆயா வைத்தால் காவல்துறையின் ஆன்லைன் சரிபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். எத்தனை வருடப் பழக்கமானாலும் சரி.

ஒரு நோட்டு போடுங்கள். பிள்ளை பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, தடுப்பூசி விவரம், பெற்றோரின் இரண்டு போன் நம்பர், கூட்டிப்போக அனுமதி உள்ளவர் யார் என்பது. வந்த நேரம், போன நேரம். காய்ச்சல் மருந்து கொடுக்கச் சொன்னால் எவ்வளவு, எப்போது என்று தாயின் கையெழுத்தோடு. ஆய்வுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரே பேனாவில் மூன்று மாதக் கணக்கை எழுதினால் எந்த ஆபீசருக்கும் தெரிந்துவிடும். சமைத்துப் போட்டுக் காசு வாங்குகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு அளவில் செய்பவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம்.

இன்னொன்று: கழுத்தில் அட்டை தொங்கவிட்டு வருபவரெல்லாம் ஆபீசர் அல்ல. எந்தத் துறை, எந்த அலுவலகம் என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் படியுங்கள். அந்த அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள், அவர் கொடுக்கும் நம்பருக்கு அல்ல. “இப்பவே அபராதம் கட்டுங்க, ஜிபே பண்ணுங்க” என்றால் அவர் யாரென்று புரிந்திருக்கும். பிள்ளைகளைப் போட்டோ எடுக்க விடாதீர்கள். உண்மையான அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

புகார் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. பூசக் கூட்டம் தொடங்கும் முன் ஒரு நாள் திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் சமூகநல அலுவலகத்திலும் உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மணி வரை என்று உள்ளபடி சொல்லி, எந்தப் பதிவு வேண்டும் என்று மனுவாகவே கொடுத்துக் கேளுங்கள். மனு கொடுத்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.