புது வேலை, தூரப் பயணம்: எக்ஸெல்லில் ஒரு கணக்குப் போடுங்கள்

வேலை மாறலாமா என்று யோசிக்கும்போது நம் கண் முதலில் போவது சம்பளத்தின் மேல்தான். இப்போது 46 ஆயிரம், அங்கே 52 ஆயிரம், மாதம் 6 ஆயிரம் லாபம் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடும். புது ஆபீஸ் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை "போகப் போகப் பழகிவிடும்" என்று ஒதுக்கி விடுவோம். அந்த 30 கிலோமீட்டரையும் கணக்கில் கொண்டு வருவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். எக்ஸெல்லில் கூட்டல், கழித்தல் மட்டும் தெரிந்திருந்தால் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமில் இதையே செய்யலாம்.

கற்பனை எண்கள் வேண்டாம். 2024ல் நானே போட்ட கணக்கை எடுத்துக் கொள்கிறேன். வீடு தாம்பரம். அப்போது வேலை கிண்டியில். மின்சார ரயிலில் போய் வந்து கொண்டிருந்தேன். சிறுசேரியில் ஒரு நிறுவனம் வேலைக்கு அழைத்தது. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக டூ வீலரில் போனால் சுமார் 30 கி.மீ.

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். ஏ காலத்தில் விவரம், பி காலத்தில் இப்போதைய வேலை, சி காலத்தில் புது வேலை. முதல் வரிசை தலைப்புக்கு.

இரண்டாவது வரிசையில் சம்பளம். இங்கே எழுத வேண்டியது கைக்கு வரும் சம்பளம். ஆபர் லெட்டரில் பெரிதாகப் போட்டிருக்கும் சிடிசி என்ற தொகையை 12ஆல் வகுத்து எழுதிவிடாதீர்கள். அதற்குள் நிறுவனம் கட்டும் பி.எப். பங்கு, கிராஜுவிட்டி, கிடைத்தால் கிடைக்கும் போனஸ் எல்லாம் அடங்கியிருக்கும். "மாதா மாதம் பேங்கில் எவ்வளவு விழும்?" என்று எச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை. எனக்கு பி2ல் 46000, சி2ல் 52000.

மூன்றாவது வரிசையில் மாதப் பயணச் செலவு. கிண்டிக்கு சீசன் டிக்கெட், ஸ்டேஷன் வரை வண்டிக்குப் பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 1000 ரூபாய் என்று வைத்தேன். சிறுசேரிக்கு ஒரு நாளைக்கு 60 கி.மீ., 22 நாளைக்கு 1,320 கி.மீ. என் வண்டி லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலே பெட்ரோல் மட்டும் 2,900 ரூபாயைத் தாண்டுகிறது. இத்தனை ஓட்டம் ஓடினால் டயர், ஆயில், செயின் எல்லாம் சீக்கிரம் தேயும். வழியில் டீ, பன் செலவும் உண்டு. ஆக 4500 என்று முடித்தேன்.

நான்காவது வரிசையில் மாதத்தின் வேலை நாட்கள், 22. ஐந்தாவதில் ஒரு நாளைக்கு ஆபீசில் இருக்கும் நேரம், சாப்பாட்டு இடைவேளையையும் சேர்த்து 9 மணி. ஆறாவது வரிசையில் போக, வர ஆகும் நேரம், நிமிடத்தில்.

இந்த ஆறாவது வரிசையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முதலில் ஒரு டெக்னிகல் விஷயம். ஒரு மணி 40 நிமிடத்தை 1.40 என்று டைப் செய்தால் எக்ஸெல் அதை ஒரு மணி 24 நிமிடமாகத்தான் கணக்கில் எடுக்கும். ஏனென்றால் புள்ளி 40 என்பது ஒரு மணியில் நூற்றுக்கு நாற்பது பங்கு, அதாவது 24 நிமிடம். 1:40 என்று டைப் செய்தால் அதைக் கடிகார நேரமாக எடுத்துக் கொண்டு வேறு குழப்பம் செய்யும். நமக்கு அந்த வம்பே வேண்டாம். 100 என்று நிமிடமாகவே எழுதுங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். எத்தனை நிமிடம் என்று யாரைக் கேட்டாலும் நல்ல நாளின் நேரத்தைத்தான் சொல்வார்கள். மழையன்று, வண்டி பஞ்சரான அன்று, ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கும் அன்று ஆகும் நேரத்தை யாரும் சொல்வதில்லை. அதே ரூட்டில் தினம் போய் வரும் நண்பர் ஒருவரிடம் 10 வேலை நாட்களுக்குக் குறித்துத் தரச் சொன்னேன். வீட்டுக் கதவைப் பூட்டிய நேரத்தில் இருந்து சீட்டில் உட்காரும் நேரம் வரை. காலைப் பயணம் நிமிடத்தில் இப்படி இருந்தது: 68, 72, 70, 75, 71, 69, 98, 74, 73, 105.

இதை வேறு ஒரு ஷீட்டில் ஒரே காலத்தில் டைப் செய்து, பத்து செல்களையும் செலக்ட் செய்து, டேட்டா டேபில் சார்ட் பட்டன் மூலம் சிறியதில் இருந்து பெரியதாக அடுக்குங்கள். நடுவில் நிற்பவை 72, 73. "ஒண்ணேகால் மணி நேரம்தான்" என்று நண்பர் சொன்னது பொய் இல்லை. ஆனால் கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். 98, 105. எந்த நாள் அப்படி ஆகும் என்று முன்கூட்டித் தெரியாதே! பத்துக்கு ஒன்பது நாளாவது சரியான நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், தினமும் 100 நிமிடம் முன்னால் கிளம்பியாக வேண்டும். நல்ல நாட்களில் மிச்சமாகும் 25 நிமிடத்தை ஆபீஸ் கேன்டீனில்தான் கழிப்போம். வீட்டைப் பொறுத்தவரை அது போன நேரம்தான். அதனால் காலைக்கு 100 என்றே போட்டேன். மாலையில் பஞ்ச் செய்ய வேண்டிய அவசரம் இல்லை என்பதால் சராசரி போதும். நண்பரின் குறிப்பில் அது 85 வந்தது. இரண்டும் சேர்த்து சி6ல் 185. கிண்டிக்குப் போக 50, வர 50, ஆக பி6ல் 100. ரயிலில் இந்தக் குழப்பம் குறைவு.

குறித்துத் தர ஆள் கிடைக்காதவர்கள் கூகுள் மேப்ஸில் ரூட்டைப் போட்டு, கார் படத்தைத் தேர்ந்தெடுத்து, 'லீவ் நவ்' என்று இருக்கும் இடத்தில் கிளிக் செய்யுங்கள். அங்கே 'அரைவ் பை' என்பதைத் தேர்ந்தெடுத்து, வரும் திங்கட்கிழமை காலை 9 மணி என்று கொடுங்கள். ஒரே எண்ணாக இல்லாமல், இத்தனையில் இருந்து இத்தனை வரை என்று காட்டும். பெரிய எண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். நடக்கும் நேரம், வண்டியை நிறுத்தும் நேரம், லிப்டுக்கு நிற்கும் நேரம் அதில் இருக்காது. பத்து நிமிடம் கூட்டிக் கொள்ளலாம்.

இனி பார்முலா. பி7 செல்லுக்குப் போய் சமக் குறியைத் தட்டுங்கள். மவுஸால் பி2 செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி இட்டு, பி3ஐக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். இது செலவு போகக் கையில் நிற்கும் பணம். பி8ல் மாதம் முழுக்க வேலைக்காக நாம் கொடுக்கும் மொத்த மணி நேரம். சமக் குறி, பி4 கிளிக், பெருக்கல் குறியாக நட்சத்திரம், அடைப்புக் குறி, பி5 கிளிக், கூட்டல், பி6 கிளிக், சாய்வுக் கோடு, 60, அடைப்புக் குறியை மூடி என்டர். நிமிடத்தை மணியாக்கத்தான் அந்த 60. பி9ல் பி7ஐ பி8ஆல் வகுத்து விடுங்கள். பிறகு பி7 முதல் பி9 வரை செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் தெரியும் சின்னச் சதுரத்தைப் பிடித்து சி காலத்துக்கு இழுத்தால், அங்கும் பார்முலா தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

இப்போது ஒன்பதாவது வரிசையைப் பாருங்கள். கிண்டி வேலையில் மணிக்கு 191 ரூபாய் 76 காசு. சிறுசேரி வேலையில் 178 ரூபாய் 68 காசு. சம்பளம் ஏறியிருக்கிறது, ஒரு மணி நேரத்தின் விலை இறங்கியிருக்கிறது! எட்டாவது வரிசையில் 234.67 மணி 265.83 ஆகிவிட்டது. மாதம் 31 மணி நேரம் கூடுதல். அதற்குக் கையில் கூடுதலாக நிற்பது 2,500 ரூபாய். அதாவது டிராபிக்கில் வண்டி ஓட்ட மணிக்கு 80 ரூபாய் கூலி. இதை யாராவது தனியாக ஒரு வேலையாகக் கொடுத்தால் போவீர்களா?

அப்படியானால் எவ்வளவு கொடுத்தால் போகலாம்? எக்ஸெல்லில் நான் மிகவும் விரும்பும் வசதி இங்கேதான் கைகொடுக்கிறது. அதன் பெயர் கோல் சீக். விடையை நாம் சொல்லிவிட்டால், அந்த விடை வர எந்த எண் வேண்டும் என்று அதுவே தேடித் தரும். டேட்டா டேபில் 'வாட் இப் அனாலிசிஸ்' என்பதைக் கிளிக் செய்தால் கீழே 'கோல் சீக்' இருக்கும். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. டயலாக் பாக்ஸில் மூன்று கட்டங்கள். 'செட் செல்' என்ற கட்டத்தில் சி9. 'டு வேல்யூ' என்ற கட்டத்தில் 191.76 என்று எண்ணாகவே டைப் செய்ய வேண்டும், செல்லின் பெயரைக் கொடுத்தால் ஏற்காது. 'பை சேஞ்சிங் செல்' என்ற கட்டத்தில் சி2. ஓகே கொடுத்த உடனே சி2ல் 55,476 என்று மாறும். பழைய எண் திரும்ப வேண்டுமானால் அடுத்து வரும் பாக்ஸில் கேன்சல் கொடுங்கள்.

ஆக 55,500 ரூபாய்க்குக் கீழே எது வந்தாலும் எனக்குச் சம்பளக் குறைப்பு! எச்.ஆரிடம் பேசும்போது "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்கள்" என்று கெஞ்சுவதைவிட, இப்படி ஒரு எண் கையில் இருப்பது எவ்வளவோ தெம்பு.

கணக்கு தயாரானதும் எண்களை மாற்றிப் பார்த்து விளையாடலாம். அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. 52 ஆயிரமே இருக்கட்டும், வாரத்தில் 2 நாள் வீட்டில் இருந்து வேலை செய்ய விட்டால்? மாதம் சுமார் 14 நாள்தான் பயணம். 22 நாளுக்கும் பரப்பினால் நாளைக்கு 118 நிமிடம். செலவு 2,900 ஆகக் குறையும். சி6, சி3 இரண்டையும் மாற்றினேன். மணிக்கு 203 ரூபாய் 51 காசு! தினமும் ஆபீஸ் வரச் சொல்லி 56 ஆயிரம் கொடுத்தாலும் 193 ரூபாய் 73 காசுதான் வருகிறது. நிறுவனத்துக்கு 4 ஆயிரம் கூடுதல் செலவு, நமக்கு மதிப்பு குறைவு. எனவே பணத்தைக் கேட்கும் முன் இந்த இரண்டு நாளைக் கேளுங்கள்.

வீட்டையே மாற்றிவிடலாமே என்பார்கள். தாராளமாக. வாடகை வித்தியாசத்தை மூன்றாவது வரிசையில் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் இன்னொருவரும் வேலைக்குப் போனால், குழந்தைகள் பள்ளியில் படித்தால் அது தனி ராமாயணம்.

எல்லாப் பயண நேரமும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் இருந்தே கிளம்பும் ரயிலில் ஜன்னல் சீட் பிடித்துவிட்டால் அரை மணி நேரம் படிக்கலாம், தூங்கலாம். கம்பெனி பஸ்ஸும் அப்படித்தான். இவற்றில் கழியும் நிமிடத்தைப் பாதியாகக் கணக்கிட்டால்கூட நான் ஆட்சேபிக்க மாட்டேன். டூ வீலர் நிமிடம் முழு நிமிடம்.

பழகிவிடும் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். பொருளாதார நோபல் பரிசை 2002ல் பெற்ற டேனியல் கானமன் குழுவினர், அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளில் எந்த வேலை எவ்வளவு இனிமையாக இருந்தது என்று கேட்டார்கள். 2004ல் வெளியான அந்த ஆய்வில் கடைசி இடம் பிடித்தது காலையில் ஆபீஸ் போகும் பயணம். ஜெர்மனி மக்களின் பல ஆண்டுத் தகவல்களை ஆராய்ந்த அலோய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரே என்ற இருவரும், நீண்ட தூரம் போய் வருபவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருப்பதாக 2008ல் எழுதினார்கள்.

என் கணக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இரண்டு நாள் வீட்டில் இருந்து வேலை செய்யும் அனுமதி கேட்டேன். அது முடியாது என்றார்கள். 56 ஆயிரம் தருவதாகச் சொன்னார்கள். ஷீட்டின்படி போகலாம்தான், மணிக்கு 2 ரூபாய் லாபம்.

ஆனால் ஷீட்டில் எழுதாத ஒரு வரிசை இருந்தது. பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்கு இரவு 7 மணிக்கு உடற்பயிற்சி. அவரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும், அம்மாவால் தனியாக முடியாது. அதற்கு ஒரு மணிக்கு எத்தனை ரூபாய் என்று என்னால் போட முடியவில்லை. போடவும் வேண்டியதில்லை. அதைப் பத்தாவது வரிசையாக, ரூபாய் இல்லாமல், 'வீடு சேரும் நேரம்' என்று எழுதினேன். 6 மணிக்கு ஆபீஸ் முடிந்தால் கிண்டியில் இருந்து 6:50. சிறுசேரியில் இருந்து சராசரியாக 7:25. காலை 8 முதல் 5 வரை என்று மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். வெளிநாட்டு கிளையன்ட் நேரத்தைக் காட்டி மறுத்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. நன்றி சொல்லி வரவில்லை என்று மெயில் அனுப்பினேன்.

உங்கள் பத்தாவது வரிசை வேறாக இருக்கலாம். மாலை டியூஷன், பால் மாடு, கோவில், கிரிக்கெட், எதுவாகவும் இருக்கட்டும். அதை ரூபாயாக மாற்ற முயல வேண்டாம். ஆமா, இல்லை என்று எழுதினால் போதும். செல்லை செலக்ட் செய்து பெயின்ட் பக்கெட் படத்தைக் கிளிக் செய்தால் மஞ்சள் வண்ணம் கொடுக்கலாம், கண்ணில் படும். பைலை சேவ் செய்து வையுங்கள். அடுத்த ஆபர் வரும்போது சி காலத்தை மட்டும் மாற்றினால் போதும்.