ஒரு மேடை, இரு பாடல்கள்

கதை, உரையாடல், பாடல், நடனம் ஆகியவை இணைந்த மேடைக்கலையே இசைநாடகம். இதில் பாடல்கள் கதையை நகர்த்திச் செல்கின்றன. பாடலின் தொடக்கத்தில் தயங்கி நிற்கும் கதைமாந்தர், பாடல் முடியும்போது ஒரு தீர்மானத்திற்கு வந்திருப்பார். எனவே, இசைநாடகப் பாடகருக்கு நடிப்பாற்றலும் இன்றியமையாதது.

இவ்விரு ஆற்றல்களையும் ஒருங்கே சோதிக்கும் மாணவர் போட்டி ஒன்று, 2007இல் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. ஸ்டீபன் சாண்ட்ஹைம் சங்கம் இதனை நடத்துகிறது. 1930இல் நியூயார்க்கில் பிறந்த சாண்ட்ஹைம், புகழ்பெற்ற இசைநாடகப் படைப்பாளர். பாடல் வரிகளையும் இசையையும் தாமே உருவாக்கியவர். நாடகப் பள்ளி மாணவர்கள் பங்கேற்கும் இப்போட்டியின் இறுதிச் சுற்று இலண்டன் அரங்கு ஒன்றில் நடைபெறும்.

இறுதிச் சுற்றில் ஒவ்வொருவரும் இரு பாடல்களைப் பாட வேண்டும். ஒன்று, சாண்ட்ஹைமின் பாடல். மற்றொன்று, இக்காலப் படைப்பாளர் எழுதிய புதிய பாடல். ஏன் இந்த ஏற்பாடு?

சாண்ட்ஹைமின் பாடல்களில் சொற்கள் நெருக்கமாகவும் விரைவாகவும் வரும். ஒரு சொல் தெளிவாகக் கேட்காவிட்டாலும் பொருள் சிதைந்துவிடும். ஆயினும், அப்பாடல்களைப் பலர் முன்பே பாடியுள்ளனர். அவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு மாணவர் கற்றுக்கொள்ளலாம். புதிய பாடலுக்கு அத்தகைய முன்மாதிரி கிடைப்பது அரிது. எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லை அழுத்துவது, எப்போது அமைதி காப்பது என்பவற்றை மாணவரே சிந்தித்து முடிவுசெய்ய வேண்டும். புதிய பாடலை எழுதியவருக்கும் தனிப்பரிசு உண்டு. ஆகவே, அந்தச் சில நிமிடங்களில் பாடகரின் வாய்ப்போடு பாடலாசிரியரின் வாய்ப்பும் அடங்கியிருக்கிறது.

இளம் படைப்பாளருக்கு நேர்மையான மதிப்பீடு எவ்வளவு தேவை என்பதைச் சாண்ட்ஹைமின் வாழ்க்கையே காட்டுகிறது. பள்ளி மாணவராக இருந்தபோது அவர் ஓர் இசைநாடகம் எழுதினார். பாராட்டை எதிர்பார்த்து, புகழ்பெற்ற பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனிடம் அதைக் காட்டினார். அது மிக மோசமான படைப்பு என்று ஹாமர்ஸ்டைன் வெளிப்படையாகக் கூறினார். ஆனால், அதோடு அவர் நின்றுவிடவில்லை. குறைகளுக்கான காரணங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். அந்தப் பிற்பகலில் கற்ற பாடத்தைச் சாண்ட்ஹைம் வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

இப்போட்டியில் 2011இல் வென்ற டேரன் எஜர்டன், பின்னர் 2019இல் வெளிவந்த ‘ராக்கெட்மேன்’ திரைப்படத்தில் பாடகர் எல்டன் ஜானாக நடித்தார். அதிலுள்ள பாடல்களைத் தம் சொந்தக் குரலிலேயே பாடினார். எல்லாப் போட்டியாளர்களுக்கும் இத்தகைய புகழ் கிட்டுவதில்லை. எனினும், யாரும் பாடிக் காட்டாத ஒரு பாடலுக்குத் தம் குரலால் உயிர்கொடுத்த அனுபவம் அவர்கள் அனைவருக்கும் கிடைக்கிறது. அது பரிசு பெறாதவரும் வீட்டிற்குக் கொண்டு செல்லும் செல்வமாகும்.