மாதிரி மாநாட்டில் மாணவத் தூதர்

நாடுகள் கூடிப் பேசும் மன்றத்தைக் கல்விக்கூடத்தில் அமைத்துப் பார்க்கும் முயற்சி புதியதன்று. சர்வதேச சங்கம் ஜெனீவாவில் இயங்கிய 1920களிலேயே அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் அச்சங்கத்தின் மாதிரியை நடத்தத் தொடங்கினர். 1945இல் ஐக்கிய நாடுகள் தாபனம் தோன்றியபின் அவ்வழக்கம் அதன் பெயரால் வளர்ந்து, இன்று இலங்கைப் பாடசாலைகளிலும் இடம்பெற்றுள்ளது. ஒவ்வொரு மாணவரும் ஒரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து, குறித்த பொருளைப் பற்றி விவாதித்து, ஈற்றில் ஒரு தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுவதே இதன் நடைமுறை.

இதற்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்யும் ஆசிரியரும் பெற்றோரும் முதற்கண் உணரவேண்டியது ஒன்றுண்டு. இது பட்டிமன்றம் அன்று. பட்டிமன்றத்தில் எதிரணியை வாயடைக்கச் செய்தவரே வென்றவர். தூதர் மன்றத்திலோ, எதிரில் இருப்பவர் மனம் நொந்து வாயடைத்துப் போனால் அவருடைய வாக்கும் நம்மை விட்டுப் போய்விடும். நாவன்மை மிக்க பிள்ளைகள் இடறக்கூடிய இடம் இதுவே.

ஆயத்தத்தின் முதற்படி, தமக்கு ஒதுக்கப்பட்ட நாட்டை நன்கு அறிதல். கடற்சட்டம் பற்றிய விவாதத்தில் ஒரு மாணவிக்கு நேபாளம் ஒதுக்கப்படுகிறதென வைத்துக்கொள்வோம். கடலே இல்லாத நாட்டுக்குக் கடற்சட்டத்தில் என்ன வேலை என்று அவள் மயங்கக்கூடும். தேசப்படத்தை விரித்துப் பார்த்தால் விடை தெரியும். நேபாளத்துக்கெனக் கப்பலில் வரும் சரக்குகள் கொல்கத்தா போன்ற இந்தியத் துறைமுகங்களில் இறங்கி, இந்திய மண்ணைக் கடந்தே வரவேண்டும். ஆகவே, கடலுக்குச் சென்று மீளும் வழியுரிமை அந்நாட்டுக்கு உயிர்நாடி போன்றது. 1982ஆம் ஆண்டின் கடற்சட்டச் சமவாயம் நிலஞ்சூழ்ந்த நாடுகளின் இவ்வுரிமையைத் தனிப் பகுதியொன்றில் வகுத்துரைக்கிறது. இதனை அறிந்த மாணவி, கடல் யாவர்க்கும் பொது என்ற அழகிய பொதுமொழியோடு நின்றுவிடமாட்டாள். எந்தத் துறைமுகம், எந்த வழி, யாருடைய இசைவு என்று வினவத் தொடங்குவாள்.

அடுத்தபடி, பிறர் தேவையை அறிதல். ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். விட்டுக்கொடுக்கவே இயலாதவை முதலாவதிலும், தக்க ஈடு கிடைத்தால் விட்டுக்கொடுக்கக் கூடியவை இரண்டாவதிலும், கிடைத்தால் நன்று என்னும் அளவிலானவை மூன்றாவதிலும் அமையட்டும். பின்னர், எதிர்நிலையில் இருக்கும் நாட்டுக்கும் அவ்வாறே ஒரு தாள் எழுதவேண்டும். நேபாளத்தின் பிரதிநிதி ஒரு மாலைப்பொழுதேனும் இந்தியாவின் பிரதிநிதியாக நின்று பேசிப் பழகுவாளாயின், மாநாட்டில் அவள் கேட்கும் கோரிக்கை மறுதரப்பால் ஏற்கத்தக்க வடிவில் அமையும்.

இம்முறை பாடசாலை விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நம் நாட்டவர் ஒருவரின் பணியே சான்று. 1973இல் தொடங்கிய மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கு இலங்கையரான ஷேர்லி அமரசிங்க தலைமை தாங்கினார். 1980இல் மறையும்வரை அப்பொறுப்பை வகித்தார். கருத்தொருமைக்கான முயற்சிகள் யாவும் தீர்ந்தபின்னரே வாக்கெடுப்பை நாடுவதென அம்மாநாடு உடன்பட்டிருந்தது. கரையோர நாடுகள் 200 கடல் மைல் வரையிலான பொருளாதார உரிமையை வேண்டின. பெருங்கடற்படை கொண்ட நாடுகள் நீரிணைகளினூடே தடையின்றிச் செல்ல விரும்பின. நிலஞ்சூழ்ந்த நாடுகள் வழி கேட்டன. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறும் வகையில் இவை யாவும் ஒரே சமவாயத்துள் இணைக்கப்பட்டன. அவ்வேலை நிறைவெய்த 1982ஆம் ஆண்டு வரை சென்றது. இரண்டு நாளில் உலகைத் திருத்திவிடலாம் என்று எண்ணும் இளையோர் அறியவேண்டிய வரலாறு இது.

இனித் தீர்மானம் எழுதும் முறையைக் காண்போம். ஐக்கிய நாடுகள் தாபனத்தின் தீர்மானம் எத்தனை பக்கம் நீண்டாலும், மரபுப்படி அது ஒரே வாக்கியமாகவே அமையும். 'நினைவுகூர்ந்து', 'கவலையுடன் நோக்கி' என முகவுரைப் பகுதிகள் எச்சங்களாக வரும். 'வேண்டுகிறது', 'பரிந்துரைக்கிறது' எனச் செயற்பகுதிகள் முற்றுகளாக வரும். வினையெச்சமும் வினைமுற்றும் கற்ற தமிழ்ப் பிள்ளைக்கு இதில் அச்சம் எதற்கு? எந்த மன்றத்தில் அமர்ந்திருக்கிறோம் என்பதை மட்டும் மறத்தலாகாது. பொதுச் சபை உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைக்கலாமேயன்றி, படையனுப்புமாறு கட்டளையிட இயலாது. பாதுகாப்புச் சபையில் 15 உறுப்பினர் உளர். ஆயினும், நிரந்தர உறுப்பினர் ஐவருள் ஒருவர் எதிர்த்து வாக்களித்தாலே முக்கிய தீர்மானம் வீழ்ந்துவிடும். வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இம்மாநாடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுவதால், தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவர் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். அவர்கள் முதலில் தம் கருத்துகளைத் தமிழில் சிந்தித்து ஒழுங்குபடுத்துவார்களாக. தெளிந்த கருத்தைச் சிறு சிறு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் கூறுதல் பயிற்சியால் கைகூடும். பாடசாலைக்குள் தமிழிலேயே ஒரு மாதிரிச் சபையை நடத்திப் பார்ப்பதும் நற்பயன் தரும்.

இறுதியாக ஒரு பயிற்சி. தீர்மானம் நிறைவேறியதும், ஒவ்வொரு பிரதிநிதியும் தம் நாட்டு மக்களுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். என்ன பெற்றோம், எதை விட்டுக்கொடுத்தோம், ஏன் விட்டுக்கொடுத்தோம் என்பதை அதில் ஒளிவின்றி விளக்கவேண்டும். இதன் அருமையை நம் நாட்டவர் நன்கறிவர். 1957 யூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தந்தை செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கை செய்தனர். எதிர்ப்புக் கிளர்ந்தது, 1958 ஏப்பிரலில் பிரதமர் அதனைக் கைவிட்டார். அடுத்த மாதமே நாட்டில் இனக்கலவரம் மூண்டது. மேசையின் இருபுறத்தாரும் உடன்பட்டால் மட்டும் போதாது. அவரவர் பின்னால் நிற்கும் மக்களும் உடன்படவேண்டும் என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது. தன் மக்களுக்கு எழுத அஞ்சும் ஓர் உடன்பாட்டை எந்தத் தூதரால் நெடுநாள் காக்கமுடியும்?

மாநாட்டில் பரிசு பெறுவோர் சிலரே. ஆனால், தம்மோடு மாறுபடும் ஒருவரின் நியாயத்தை அவரே ஒப்பும்படி எடுத்துரைக்கும் ஆற்றல் அங்கு செல்லும் யாவர்க்கும் கிட்டக்கூடியது. அவ்வாற்றல் பெற்ற இளைஞர் எத்துணைப் பேர் உளரோ அத்துணை நன்மை இந்நாட்டுக்கு உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளை அந்நோக்குடனேயே அனுப்பி வைப்பார்களாக.