கிணற்று ஜலமும் குளோரினும்

மழை பிறந்ததும் கிணற்றில் ஒரு பிடி பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு நிம்மதியடைவோர் நம்மவரில் அநேகர். இது வெறுஞ் சடங்கேயென்று நாம் வற்புறுத்திக் கூறுவோம். 1884-ல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய நிபுணர் கல்கத்தாவில் ஒரு குளத்து ஜலத்திலேயே வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். அத்தகைய சத்துருவை ஒரு பிடி பவுடர் ஒழித்துவிடுமா?

புதிய பவுடரில் நூற்றுக்குச் சுமார் 33 பங்கு குளோரின் உண்டு. காற்றும் ஈரமும் பட்டால் அது போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்பே. திறந்து கிடந்த டப்பாவின் பவுடரைப் போடுவதும் போடாததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சாதாரணமாக 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வேண்டும். 2 மீட்டர் விட்டமும் 5 மீட்டர் ஜலமுமுள்ள கிணற்றுக்குச் சுமார் 40 கிராம். அதை வாளியில் குழைத்து, ஜலம் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி அலசவேண்டும். பிறகு ஒரு மணி நேரம் இறைக்கலாகாது. அதன்பின்னும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சவேண்டும். கலங்கிய ஜலம் அதிகம் விழுங்கிவிடுமாதலால் சோதித்தறிவது அவசியம்.

சர்க்கார் சிப்பந்தி வரட்டுமென்று காத்திருப்பது சுயராஜ்யப் பிரஜைகளுக்கு அழகன்று. ஊர்தோறும் நமது தொண்டர்கள் கிணறுகளை அளந்து, வேண்டிய எடையைக் கைப்பிடிச் சுவரிலேயே எழுதி வைப்பார்களாக.