ஊருணிக்கரையும் சிறு குழந்தையும்

ஒக்கூர் முதலிய செட்டிநாட்டுச் சிற்றூர்களுக்கு ஊருணி உயிர்நாடியாகும். ஆயினும் நடைபழகும் குழந்தைக்கு அதன் படித்துறை மட்டுமன்று, நம் அங்கத்தினர் இல்லங்களிலுள்ள சாயத்தொட்டியும் மாட்டின் கழனித்தொட்டியும் ஆபத்தானவையே. ஒரு சாண் நீரில் குப்புற வீழ்ந்தாலும், தலை கனத்த குழந்தையால் நிமிர இயலாது, கூச்சலும் எழாது.

வங்கதேசத்தில் சிறு குழந்தைகள் மிகுதியாக நீரில் மாண்டது, தாய்மார் வேலையில் ஆழ்ந்திருந்த முற்பகலிலேதான். ஆகவே அங்கே காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, ஊர்ப்பெண் ஒருத்தியின் இல்லத்திலேயே குழந்தைகளைச் சேர்த்துக் காக்கும் ‘ஆஞ்சல்’ நிலையங்களை அமைத்தனர். அவற்றிற் சேர்ந்த குழந்தைகளிடையே இத்தகைய சாவு பெரிதும் குறைந்தது. ஆஞ்சல் என்பது சேலைத் தலைப்பு. நெசவாளர்க்கு இப்பெயரை விளக்க வேண்டுவதில்லை!

நம் நாட்டில் 1975 முதல் அங்கன்வாடிகள் உள்ளன. அங்குச் செல்லும் வயது வராத குழந்தையோ தறியருகிலும் வரப்போரத்திலுமே வளர்கிறது. பாவு ஓட்டும் நாளிலும் நடவு நாளிலும் நாலைந்து குடும்பத்தார் முறைவைத்து, ஒருவர் வேறு வேலையின்றிக் குழந்தைகளை மட்டும் கவனித்தல் வேண்டும். இதற்குப் பெருமுதல் எதுவும் தேவையில்லை. மூத்த குழந்தையிடம் இளையதை ஒப்படைப்பது காவலாகாது என்பது எம் கருத்து.

நீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதால் காலமே வீணாகும். மூச்சில்லையேல் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்திவிடுக. அதே வேளையில் மற்றொருவர் 108 எண்ணிற்குத் தொலைபேசியில் அறிவித்தல் வேண்டும்.