சென்னையில் வாடகை வீடு: பார்த்துத் தெளிய வேண்டியவை

உத்தியோக நிமித்தமாகத் திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ சென்னைக்குக் குடிபெயரும் ஒருவர், மாத வாடகை தம் சம்பளத்துக்குள் அடங்குமா என்ற ஒரே கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, தெருத் தெருவாக ‘டு லெட்’ பலகைகளைத் தேடி அலைவது சாதாரணமாக நடப்பதே. ஆனால், அந்த வீட்டில் அவர் நிம்மதியாக வாழ்வாரா என்பதை வாடகைத் தொகையைக் காட்டிலும் அதிகமாக நிர்ணயிப்பவை, குழாயில் வரும் தண்ணீரும், அவர் கொடுக்கும் அட்வான்ஸும், அவர் கையெழுத்திடும் ஒப்பந்தப் பத்திரமுமேயாகும்.

வீடு தேடுவதற்கும் ஒரு பருவம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்ச நம்மவர்கள் மனம் ஒப்புவதில்லை. பள்ளி திறப்பதற்கு முந்திய கோடை வாரங்களிலோ ஒரே வீட்டுக்குப் பலர் போட்டியிடுவர். சம்பிரதாயத்தைப் பொருட்படுத்தாதவருக்கு ஆடி மாதம் அனுகூலமானது. காலியாகக் கிடக்கும் வீட்டின் சொந்தக்காரர் அப்போது வாடகையிலும் அட்வான்ஸிலும் சற்று இறங்கி வருவார். தரகர் மூலம் போனால் ஒரு மாத வாடகை வரையில் கமிஷன் கேட்கப்படும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் இந்நகரம் இருவகைத் துன்பங்களையும் அனுபவித்திருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையிலோ பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணைச் சுற்றுப்புறமும் நாட்கணக்கில் நீரில் நின்றன. ஆகையால், வீட்டைப் பார்க்கப் போகிறவர் ஹாலின் விசாலத்தையும் பால்கனிக் காற்றையும் ரசிப்பதற்கு முன், சமையலறைக் குழாயின் வாயை விரலால் தடவிப் பார்க்கட்டும்: அங்கே வெள்ளையாக உப்புப் படிந்து சொரசொரப்பாக இருந்தால், அது போர் தண்ணீர், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குடிப்பதற்குக் கேன் தண்ணீர் தனியாக வாங்க வேண்டிவரும். பிறகு மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, சம்ப் எவ்வளவு பெரியது, மோட்டார் போடும் பொறுப்பு யாருடையது, கோடையில் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகள் பலவற்றில் இந்த லாரிச் செலவு மாதாந்திர மெயின்டனன்ஸில் ஒரு கணிசமான பங்காகிவிடுகிறது. தரைத்தளமானால், சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கிறதா என்று கவனிப்பது அவசியம். தெருமுனையில் இஸ்திரி போடுபவரை விசாரித்தால், வெள்ளம் எந்தப் படி வரையில் ஏறியது என்பதை எந்தத் தரகரையும்விடத் துல்லியமாகச் சொல்லுவார்.

மின்சாரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கப்படும் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் முதல் 100 யூனிட் இலவசம்; தனி மீட்டர் இல்லாமல், உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளரே வசூலிக்கும் போர்ஷன்களில் அச்சலுகை குடியிருப்பவர் கைக்கு வராமலே போவதுண்டு.

இனி அட்வான்ஸுக்கு வருவோம். 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதை அனுமதிக்கவில்லை. ஆயினும் சென்னையின் வழக்கமோ பத்து மாத வாடகையாக வேரூன்றிவிட்டது. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம், மூன்று மாத வாடகையை வரம்பாக விதித்திருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் வாடகையென்றால், 1,50,000 ரூபாய்க்குப் பதில் 45,000 ரூபாய் போதும். புதிதாக வேலையில் சேர்ந்த ஓர் இளைஞன் வட்டிக்குக் கடன் வாங்காமல் குடிபுகுவதற்கு இந்த வித்தியாசமே போதுமானது. ஆனால் அந்த விதியின் முகப்பிலேயே, ‘இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி’ என்ற கருத்தில் ஒரு விலக்கும் அமைந்திருப்பதால், பத்து மாதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டவருக்கு இந்த வரம்பு அளிக்கும் பாதுகாப்பு பெரிதும் குன்றிவிடுகிறது. எளியவரைக் காக்கப் பிறந்த ஒரு சட்டத்தில் இவ்விலக்கு இடம்பெற்றது பெரும் குறை என்பதே என் திடமான அபிப்பிராயம். பேரம் பேச வேண்டிய தருணம் கையெழுத்துக்கு முந்தியதுதான்.

அதே சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, அதைத் தொண்ணூறு நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் விதிக்கிறது. பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொண்டால் பதிவு வேண்டியதில்லை என்று பலர் இன்னமும் நம்புவது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பற்றிய 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தை மட்டும் மனத்தில் கொண்டதனால் விளைந்த மயக்கம். வாடகைச் சட்டத்தின் பதிவுக்குக் கால அளவு ஒரு பொருட்டல்ல. சச்சரவு மூண்டாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க உரிமையாளருக்கு அதிகாரமில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் நுழையவும் அவருக்கு உரிமையில்லை. இவற்றை நிலைநாட்டப் புறப்படும் வாடகைதாரருக்குப் பதிவான பத்திரமே முதல் ஆதாரம்.

மாத வாடகையின்றி மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்து ‘லீஸுக்கு’ போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டு, அந்த வீடு வங்கியில் அடமானமாக இருப்பதை ஜப்தி நோட்டீஸ் ஒட்டப்பட்ட பிறகு அறிவது மீள முடியாத நஷ்டம்.

வாடகைச் சட்டம் தொடாத ஓர் அநீதியும் உண்டு. சொந்த ஊரைக் கேட்டு, பெயரைக் கேட்டு, சைவமா என்று கேட்டு, அவ்வழியே ஜாதியையும் மதத்தையும் அறிந்துகொண்டு, ‘வீட்டில் கலந்து சொல்கிறேன்’ என்று கதவைச் சாத்துவது இன்றும் நடக்கிறது; மணமாகாதவர்களும், தனித்து வாழும் பெண்களும் அதே பதிலைக் கேட்டுத் திரும்புகிறார்கள். வாடகைச் சட்டத்தில் இதற்குத் தடையேதும் இல்லை. மற்றெல்லாவற்றையும் இவ்வளவு நுணுக்கமாக வகுத்த சட்டசபை இதையும் வகுத்திருக்கலாம்; இனியேனும் வகுக்க வேண்டும்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தங்கள் போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், எவ்வளவு பிடிக்கலாம் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடாமல் வங்கி மூலம் அனுப்பி, சாவி வாங்கும் அன்றே மின் மீட்டரின் எண்ணையும், விரிசலுள்ள சுவரையும், உடைந்த தாழ்ப்பாளையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வைத்துவிட்டால், பிற்பாடு வாடகை நீதிமன்றத்தின் வாசலை மிதிக்க நேர்ந்தாலும் காட்டுவதற்குக் கையில் ருசு இருக்கும்.